நோன்பும் வலிப்பு மாத்திரையும்

 

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், காக்காய் வலிப்புக்குத் தினமும் இரு வேளை மாத்திரை உண்பவர், நோன்பு முறிந்துவிடுமென்று அஞ்சி ரமலான் முதல் நாளே அதை விட்டுவிட்டார். நான்காம் இரவு தராவீஹ் தொழுகையில் வலிப்புக் கண்டு விழுந்தார். அல்லாஹ் காப்பாற்றினான்.

இதில் நாம் அறியவேண்டியது யாது? மூளையின் மின்னோட்டம் திடீரெனத் தாறுமாறாவதே வலிப்பு. 1912ல் பினோபார்பிட்டலும், 1938ல் பினிட்டாயினும் அதைத் தடுக்குமென அறியப்பட்டன. இம்மருந்துகள் நோயை வேரறுப்பதில்லை. இரத்தத்தில் போதிய அளவு இருக்கும்வரை வலிப்பைத் தடுத்து நிற்கின்றன. திடீரென நிறுத்தினால், வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக்கூடும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைக் காணுங்கள். பலருக்கு ஸஹரிலும் இஃப்தாரிலும் உண்ணும்படி வேளையை மாற்றித் தர இயலும். நாமாக மாற்றக் கூடாது. உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டுமாதலால், சிலருக்கு நோன்பே ஆகாது. அவர்கள் வருந்த வேண்டாம். நோயாளிக்குச் சலுகை தருவது அல்குர்ஆனே (2:184, 185). களாவா, பித்யாவா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வலிப்புடைய பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டதையும், அவருக்காக அவர்கள் துஆச் செய்ததையும் புகாரி ஷரீபில் காண்கிறோம். எனவே இந்நோயை மறைக்கவோ, நோயாளியை ஒதுக்கவோ நமக்கு நியாயமில்லை. உடல் அமானிதம், மருந்தை விடாதிருப்பது அதைப் பேணுவதாகும்.