தீ வண்டி வரும் வரையில்

மதுரை மாநகர் தீக்கிரையான கதையைக் கேளாத தமிழர் இலர். அக்கதையின் பிற்பகுதி நம் கொற்கையைச் சார்ந்தது என்பதைச் சிலரே நினைவிற்கொள்வர். மதுரை எரிந்த பின்னர்ப் பாண்டி நாட்டில் மழை வறந்து, வறுமையும் நோயும் தொடர்ந்தனவாம். அப்பொழுது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந்தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழாவெடுத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அதன் பின் நாடு நலம் பெற்றது என்பது கதை. நலம் பெற்றிருக்கலாம், எரிந்த வீடு ஒன்றேனும் அதனால் மீண்டிராது. எரிந்த பின்னர்ப் பரிகாரம் தேடும் வழக்கம் அன்று தொட்டே நமக்கு இருந்து வருகிறது போலும். சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது இவ்வழக்கத்தை நான் இன்றும் காண்கிறேன். ஆதலின் இம்மாதப் பாடத்திற்குத் தீயையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கணக்கு. கொற்கையில் தீயணைப்பு நிலையம் இல்லை. ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊரிலுள்ள நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்டு, கடைவீதிகளையும் வயற்சாலைகளையும் கடந்து நம் தெருவுக்குள் நுழைய, எவ்வளவு விரைந்தாலும் கால்மணி நேரத்திற்குக் குறையாது. காய்ந்த பனையோலைக் கூரையோ, மேல்காற்று வீசும் நாளில், பற்றிய சில நிமிடங்களில் முழுவதும் எரிந்து வீழ்ந்துவிடும். இவ்விரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். தீயணைப்பு வீரர்கள் திறமையிற் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அந்த முதற் கால்மணி நேரம் அவர்களுடையதன்று, அண்டை வீட்டாருடையது.

இரண்டாவது கணக்கு நீரைப் பற்றியது. சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டி சுமந்து வரும் நீர் ஏறக்குறைய 4,500 லிட்டர். இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால் ஐந்தாறு நிமிடங்களில் அது தீர்ந்துபோகும். அதன் பின்னர் வண்டி மீண்டும் நீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குக் கிணறோ, குளமோ, வாய்க்காலோ வண்டி அணுகக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். கொற்கைக் குளம் போன்ற பெருங்குளம் ஊருக்கு அருகிலேயே இருந்தும், அதன் கரைக்குச் செல்லும் பாதையில் வைக்கோற் படப்பும், செங்கற் குவியலும், முள்வேலியும் அடைத்துக்கொண்டிருந்தால் குளத்து நீரால் யாது பயன்? நெசவாளர் தெருக்களில் பாவு தோய்வதற்காக நடுத் தெருவில் நிலையாக நட்டுவிடும் கம்பங்களும் இத்தகையனவே. அவற்றை வேண்டும்போது பிடுங்கி எடுக்கத்தக்கவாறு குழியில் செருகி வைப்பது கடினமான காரியமன்று.

இனி, தீயின் இயல்பு. எரியும் பொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீ இல்லை. மூன்றில் ஒன்றை நீக்கினால் அது அணையும். தண்ணீர் வெப்பத்தை நீக்குகிறது. மணலும் ஈரச்சாக்கும் காற்றை மறைக்கின்றன. பக்கத்துக் கூரையின் ஓலையைப் பிடுங்கி எறிவது எரிபொருளை நீக்குகிறது. நம் பாட்டன்மார் இந்த மூன்றாவது வழியை நன்கு அறிந்திருந்தனர். நீண்ட கொக்கிக் கம்பும் ஏணியும் ஊர்ச் சாவடியில் கிடந்த காலம் உண்டு. இன்று சாவடியில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. கொக்கிக் கம்பைக் காணோம்.

எந்தத் தீயில் எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கொதிக்கும் எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. நீர் அடியிற் சென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும். அடுப்பை நிறுத்தி, தட்டைக் கொண்டு சட்டியை மூடுவதே போதும். மின்சாரத் தீயில் முதற்காரியம் மெயின் சுவிட்சை அணைப்பது. அதுவரை நீர் படலாகாது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து தங்கும். வாசனை வந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்ப்பவர் பலர். அந்தச் சுவிட்சின் பொறியே போதும். கதவையும் சன்னலையும் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வருவதே முறை.

விவசாயி அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. அறுவடை முடிந்து படப்புப் போடும்போது வைக்கோல் ஈரமாக இருந்தால், உள்ளே புழுங்கிச் சூடேறி, எவரும் தீ வைக்காமலேயே சில வாரங்களிற் பற்றக்கூடும். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைப் படப்பின் நடுவே செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருக்குமாயின் ஆட்களையும் நீரையும் ஆயத்தமாக வைத்துக்கொண்ட பின்னரே படப்பைப் பிரிக்க வேண்டும். திடீரெனப் பிரித்தால் காற்றுப் புகுந்து குப்பென்று எரியும். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசி எரிந்த செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. பாரத்தின் உயரத்தை அளந்து ஏற்றுவதற்கு ஒரு மூங்கிற் கழி போதும்.

ஆற்றுக்குத் தெற்கே தேரிப் பகுதியில் பனைத்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு விடிலியே முதல் அபாயம். பதனீர் காய்ச்சும் அடுப்பும், அதற்கு எரிக்கும் காவோலையும், மேலே வேய்ந்த ஓலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனி, ஆடியில் கச்சான் வீசும் நாட்களில் அடுப்பு வாயை மேற்குப் பார்க்க வைப்பவர் தம் கூரைக்குத் தாமே தீ மூட்டுபவர். மேற்குப் புறத்தில் இடுப்பளவேனும் மண்சுவர் எழுப்புதலும், காவோலைக் கட்டை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி அடுக்குதலும், வேலை முடிந்தபின் சாம்பலில் நீர் தெளித்துக் கிளறிவிட்டுப் போதலும் செலவில்லாத காரியங்கள். சாம்பலுக்கடியில் உறங்கும் கங்கு, ஆள் போன பின்னரே கண்விழிக்கும்.

நெசவாளர்க்கு வருவோம். ஏப்ரல் 14ஆம் நாள், பெரும்பாலும் நமக்குச் சித்திரை முதல் நாளாக அமைவது, நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாளாகும். அன்று முதல் 20ஆம் நாள் வரை தீத்தொண்டு வாரம். இந்த நாளின் வரலாறு நூலைத் தொட்டுப் பிழைப்பவர் அனைவரும் அறியத்தக்கது. 1944ஆம் ஆண்டு அந்நாளில் பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தனர். அவை வெடிமருந்து இருந்த சரக்கறையிலேயே அடுக்கப்பட்டன. பிற்பகலில் பஞ்சிலிருந்து புகை எழுந்தது. வீரர்கள் நீரைப் பாய்ச்சியபடியே இருந்தனர். பொதியின் உட்புறத்தை நீர் எட்டவில்லை. மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரைமணிக்குள் மீண்டும் வெடித்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் வானிற் பறந்து குடியிருப்புகளின் மேல் வீழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

வெடிமருந்து நம் கிடங்கில் இல்லை. பஞ்சும் நூலும் உண்டு. அவற்றின் இயல்பு ஒன்றே: தீயை உள்ளுக்குள் அடைகாத்து வைத்திருக்கும். மேலே நீர் ஊற்றி அணைத்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போனால், நள்ளிரவில் மீண்டும் எரியும். ஆகையால் நூற்பொதியில் பற்றிய தீயை அணைத்த பின்னர், பொதியை வெளியே கொண்டுவந்து, பிரித்து, நனைத்து, மறுநாள் வரை காவல் இருத்தல் வேண்டும். தறிக்கு எண்ணெயிட்டுத் துடைத்த கழிவுப் பஞ்சைக் குவித்து வைக்கலாகாது. தாவர எண்ணெய் தோய்ந்த பஞ்சு தானே சூடேறிப் பற்றும் இயல்பினது. பத்தமடைப் பக்கத்துப் பாய் நெசவாளர், காய்ந்த கோரைக் கட்டுகளைச் சமையலறைப் பரணில் அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடல் நலம்.

கிடங்குகளில் நான் மிகுதியாகக் காணும் குறை மின்சாரத்தைச் சேர்ந்தது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று, ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக மூன்று நான்கு இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகின்றனர். பியூஸ் போவது குற்றமன்று. அது கூறும் எச்சரிக்கை. அதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்து எரிவது சுவரிலுள்ள கம்பி. சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பான்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுட் சில என் கண்ணிற் படுவதற்காகவே தொங்குகின்றன என்பதை நான் அறிவேன். காலக்கெடு முடிந்து, முள் பச்சைக் கோட்டைவிட்டு இறங்கிக் கிடக்கும் தீயணைப்பானைவிட இரண்டு வாளி மணல் மேலானது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் நெசவாளர் சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நூலறை எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மறுவாரம் நான் சென்றபோது காரியதரிசி கருகிய பீரோவின் முன்னர் நின்றிருந்தார். நூல் இருப்புப் பதிவேடும், அங்கத்தினர் கூலிக் கணக்கும், இன்ஷூரன்ஸ் பாலிசியும் அந்த ஒரே பீரோவில் இருந்தன. எவருக்கு எத்தனை நாட்கூலி பாக்கி என்பதை நெசவாளர்களின் வாய்மொழியைக் கொண்டே எழுதினோம். ஒரு முதியவர் தமக்கு வரவேண்டியதைக் குறைத்தே சொன்னார் என்பது பின்னர் அவர் மகள் கொண்டுவந்த சிறு நோட்டிலிருந்து தெரியவந்தது. அன்றிலிருந்து, பதிவேட்டின் நகல் ஒன்று வேறு கட்டிடத்தில் இருக்கிறதா என்று கேளாமல் நான் ஆய்வைத் தொடங்குவதில்லை.

அச்சங்கத்துக்குக் கிடைத்த இழப்பீடும் பாதியே. இதன் காரணத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். கிடங்கில் 8 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பழைய பாலிசி 4 லட்சத்துக்கே எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 லட்ச ரூபாய்ச் சரக்கு எரிகிறது. பாலிசித் தொகைக்குள் அடங்குவதால் 2 லட்சமும் வரும் என்றே பலர் நினைக்கின்றனர். வராது. சரக்கின் மதிப்பில் பாதிக்கே காப்புறுதி செய்திருப்பதால், இழப்பிலும் பாதி, அதாவது 1 லட்சமே, வரும். மறுபாதிக்குச் சங்கமே காப்பாளர் எனக் கொள்ளப்படும். நூல் விலை ஏற ஏறப் பாலிசித் தொகையையும் ஏற்ற வேண்டும். அங்கத்தினர் வீடுகளுக்குப் பாவாகக் கொடுத்த நூல், கிடங்குக்கு மட்டும் எடுத்த பாலிசியில் அடங்காது என்பதையும் கவனிக்க. தீபாவளிக்கு முன் இருப்பு உச்சத்தில் இருக்கும் மாதத்தை வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

பொருள் போனால் ஈட்டலாம். ஆள் வெளியேறும் வழியைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகளை நாம் இழந்தோம். சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டே இருந்தது. நம் தறிக்கூடங்களுக்கும் பெரும்பாலும் ஒரே வாயில்தான்; அதிலும் பாதியை நூற்பொதி அடைத்திருக்கும். பின்புறம் ஒரு கதவு, வெளிப்புறம் திறப்பதாக, பூட்டின்றித் தாழ்ப்பாளுடன் இருத்தல் வேண்டும். ஆடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. தரையில் விழுந்து புரள வேண்டும். அருகிலிருப்பவர் கனத்த பருத்திச் சமுக்காளத்தால் போர்த்தி அமுக்கலாம். சுட்ட புண்ணில் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். மை, பற்பசை, நெய் எதுவும் வேண்டா.

தீயணைப்புத் துறையின் முழுப் பெயரில் மீட்புப் பணியும் சேர்ந்திருப்பதை நாம் நேரிற் கண்டது 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் சுற்றுவட்டாரங்கள் தீவுகளாயின. தீயணைப்பு வீரர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளில் மக்களைக் கரைசேர்த்தனர். சாலை அறுந்துபோன இடங்களுக்கு அவர்களாலும் உடனே வர இயலவில்லை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்ட திருச்செந்தூர் ரயிலில் ஏறக்குறைய 800 பயணிகள். ஹெலிகாப்டரில் உணவு வரும் முன்னரே, அருகிலுள்ள புதுக்குடி ஊரார் தம் வீட்டு அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டனர். வெள்ளமாயினும் தீயாயினும் முதலில் வந்து சேர்பவர் பக்கத்து ஊரார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிச் சங்கங்கள் செய்யத்தக்கது. 101, 112 ஆகிய எண்களைச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பேசுபவர் ஊர், தெரு, அடையாளமான கோயில் அல்லது மரம், எரிவது கூரையா நூலா எரிவாயுவா, உள்ளே ஆள் உண்டா என்பவற்றைச் சொல்லி, மறுமுனையிலிருப்பவர் வைக்கச் சொல்லும் வரை தொலைபேசியை வைக்காதிருக்க வேண்டும். உடனே ஒருவர் பிரதான சாலைத் திருப்பத்தில், இரவாயின் கையில் விளக்குடன், நிற்க வேண்டும். வழி தேடியே வண்டி ஐந்து நிமிடத்தை இழப்பதுண்டு. ஆறு வாளி, இரண்டு மூட்டை மணல், ஒரு கொக்கிக் கம்பு, ஓர் ஏணி ஆகியவை எந்தச் சங்கத்தின் சில்லறைச் செலவிலும் அடங்கும்.

தீத்தொண்டு வாரத்தில் நிலையத்தார் கிராமங்களுக்கு வந்து செயல்முறை விளக்கம் காட்டுகின்றனர். அதற்கு நிர்வாக சபை தீர்மானம் நிறைவேற்றி, பங்குனி மாதத்திற்குள் நிலைய அலுவலர்க்குக் கடிதம் எழுதுதல் வேண்டும். கடிதத்துடன் ஊரின் கைவரைபடம் ஒன்றை இணையுங்கள். கிணறுகள், குளத்துத் துறை, தறிக்கூடம், நூலறை, கேஸ் சிலிண்டர்கள் இருக்குமிடம் ஆகியவற்றைக் குறித்து, குளத்துப் பாதையின் மிகக் குறுகிய இடத்தைக் கயிற்றால் அளந்து, எத்தனை அடி என்பதையும் எழுதியனுப்புங்கள்.