படுக்கையருகே பயிலும் போதகர்கள்

செட்டிகுளம் வட்டாரத்திலிருந்து உயர் சிகிச்சைக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர் உண்டு. அங்கு மருத்துவரோ செவிலியரோ அல்லாத ஒருவர் படுக்கையருகே வந்து, "சற்று நேரம் உங்களோடு பேசலாமா?" என்று கேட்கக்கூடும். அவர் போதகர் பணிக்காகக் களப்பயிற்சி பெறுபவராக இருக்கலாம். அவர் எதற்காக வருகிறார் என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்திருத்தல் நலம்.

பயிற்சியின் தோற்றம்

1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்ஸன் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நோயுற்றோரின் உள்ளத் தவிப்பைப் போதகர்கள் அறியாதிருப்பதை அங்கு அவர் உணர்ந்தார். நலம் பெற்றபின், 1925இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். அம்மாணவர்கள் வார்டு உதவியாளர்களாகவும் பணிபுரிந்தனர். நூல்களைப் போலவே துன்புறும் மனிதரையும் கருத்தூன்றிப் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. ரிச்சர்டு கேபட் என்ற மருத்துவரும் அதே ஆண்டில், இறையியல் மாணவர் ஓராண்டு நோயாளிகளிடையே பயில வேண்டும் என வலியுறுத்தி எழுதினார்.

பயிலும் முறை

உரையாடல் முடிந்தபின் மாணவர் அதனை நினைவிலிருந்து எழுதுவார். நோயாளியின் பெயரை மறைத்து, பயிற்றுநருடனும் சக மாணவருடனும் ஆராய்வார். எடுத்துக்காட்டாக, "நான் பிழைப்பேனா?" என்று கேட்டவரிடம் மாணவர், "எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறியிருப்பதாகக் கொள்வோம். "அச்சொல் யாருடைய அச்சத்தைத் தணித்தது? அவருடையதையா, உம்முடையதையா?" என்று பயிற்றுநர் வினவுவார். மருத்துவர்களுக்கும் இவ்வினா பொருந்தும். அவசரத்தில் அதே சொல்லை நானும் கூறியதுண்டு.

நீங்கள் அறிய வேண்டியவை

1. பேச விருப்பமில்லையெனில் தயங்காமல் மறுக்கலாம். அதற்கும் உங்கள் சிகிச்சைக்கும் தொடர்பில்லை.

2. மதமாற்றம் இப்பயிற்சியின் நோக்கமன்று. செபம் வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

3. வலி, மூச்சுத்திணறல், மருந்து பற்றிய ஐயம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றை அவரிடம் மட்டும் கூறி நிறுத்தாமல், செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே தெரிவியுங்கள்.

4. இரவு பகலாக விழித்திருக்கும் உறவினரும் தம் சோர்வையும் கவலையையும் அவரிடம் பகிர்ந்துகொள்ளலாம்.

பயில்பவர் தவறக்கூடும். "நீங்கள் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை, சற்று நேரம் பேசாமல் உடனிருங்கள்" என்று நீங்கள் கூறினால், அவர் வருந்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. வகுப்பறையில் கிடைக்காத அந்தப் பாடத்தைக் கற்கவே அவர் உங்களிடம் வந்திருக்கிறார்.