கம்பி வழியும் கம்பியில்லா வழியும்

ஆற்றைக் கடக்கப் பாலமும் உண்டு, ஓடமும் உண்டு. பாலம் திறந்திருக்கும் வரை மக்கள் அதன் வழியே செல்வர். அது அடைபட்டால் ஓடத்தை நாடுவர். கணினிக்கும் இணையத்தை அடைய இத்தகைய இரு வழிகள் உள்ளன. ஒன்று, கேபிள் எனப்படும் கம்பிவடம். மற்றொன்று, வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைப்பு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியை 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அவ்வியங்குதளத்தில் இணைப்புகளைக் கவனிக்கும் 'நெட்வொர்க் மேனேஜர்' என்னும் மென்பொருள் 2004இல் வெளிவந்தது. இது ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண்ணை அளிக்கிறது. பொதுவாகக் கம்பி வழிக்கு 100. கம்பியில்லா வழிக்கு 600. எண் சிறியதாயின் முன்னுரிமை மிகுதி. ஆகவே, இரண்டும் இணைந்திருந்தாலும் செய்திகள் கம்பி வழியே செல்லும். வடத்தைக் கழற்றினால் அவ்வழி பட்டியலிலிருந்து நீங்கும். எஞ்சிய வழி தானே முதலிடம் பெறும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் சிறுமி ஒருத்தி, ஊரிலுள்ள பாட்டியோடு கணினியில் முகம் பார்த்துப் பேசுகிறாள். தம்பியின் கால் பட்டு வடம் கழன்றுவிடுகிறது. கணினி வைஃபைக்கு மாறுகிறது. எனினும் பாட்டியின் குரல் நின்றுவிடுகிறது. ஏன்? ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி முகவரி உண்டு. பழைய முகவரியில் தொடங்கிய உரையாடல் புதிய முகவரியை அறியாது. சிறுமி மீண்டும் அழைக்க வேண்டியதாகிறது.

இதற்கும் லினக்ஸில் தீர்வு உண்டு. இரு வழிகளையும் ஒன்றாகப் பிணைத்து, இரண்டிற்கும் பொதுவாக ஒரே முகவரியை அளிக்கலாம். இம்முறையைப் 'பாண்டிங்' என்பர். இதில் கம்பி வழி பணியாற்றும், மற்றது காத்திருக்கும். கம்பி இணைப்பு உள்ளதா என்று கணினி நொடிக்குப் பலமுறை சோதிக்கும். அது அறுபட்டதும் காத்திருந்த வழி பணியை ஏற்கும். முகவரி மாறாமையால் பேச்சு தொடரும். இதற்கு இரு வழிகளும் ஒரே வீட்டு வலையமைப்பைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
நாடுதல் – தேடிச் செல்லுதல்
எஞ்சிய – மீதமுள்ள

வினாக்கள்
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: நெட்வொர்க் மேனேஜர் கம்பியில்லா வழிக்குப் பொதுவாக அளிக்கும் எண் ______.
2. கணினி வைஃபைக்கு மாறிய பின்னும் பாட்டியின் குரல் நின்றது ஏன்?
3. பிரித்து எழுதுக: அவ்வியங்குதளம், இம்முறை.
4. பாலமும் ஓடமும் கணினியின் எவ்வழிகளுக்கு உவமையாயின? இரண்டு தொடர்களில் எழுதுக.