காப்பிப் பக்குவம்: விருந்தினர் வரும் வீடுகளுக்குச் சில யோசனைகள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பகுதிகளில் சிறு விவசாயிகள் வாழை, மிளகு, ஆரஞ்சு ஆகியவற்றுடன் கலந்து அராபிகா காப்பி பயிரிடுகிறார்கள். பறித்த பழத்தை அன்றே வியாபாரிக்கு எடை போட்டுவிட்டு, வீட்டுக்குக் கடையில் காப்பிப் பொடி வாங்கும் குடும்பங்களும் இவற்றில் உண்டு. விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் நீங்கிவிட்டது. ஆகவே வீட்டிலேயே பக்குவம் செய்யவும், மலைக்கு வருவோரை அழைத்து அதைக் கற்றுக் கொடுத்துக் கட்டணம் பெறவும் தடையில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழம் பொடியாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். விருந்தினர் தங்குவதோ ஒரு நாள். எனவே அன்று பறிக்கும் பழம், முந்தின நாள் தோல் நீக்கிப் புளிக்க வைத்த கொட்டை, இரண்டு வாரம் முன்பு பறித்துக் காய வைத்த பார்ச்மென்ட் என மூன்று நிலைக் காப்பியும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரையே ஏற்ற காலம்.

காலையில் விருந்தினரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்கச் செய்யலாம். விரலால் அழுத்தினால் கொட்டை தானே வெளியே வரவேண்டும். பறித்ததைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்க வேண்டும். கீழே உதிர்ந்த பழங்களையும் பொறுக்கி அப்புறப்படுத்துவது நல்லது. இந்தியாவில் 1990-ல் கூடலூர் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட காய்த்துளைப்பான் வண்டு இப்பழங்களில்தான் பெருகுகிறது. இரண்டு மூன்று கிலோவுக்கு பல்ப்பர் இயந்திரம் தேவையில்லை, கையாலேயே பிதுக்கிவிடலாம்.

தோல் நீக்கிய கொட்டையின் மேல் வழவழப்பு இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் தொட்டியில் குவித்து மூடி வைத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் இது கழன்றுவிடும். குளிர் மிகுந்தால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். கடிகாரத்தை விடக் கையை நம்புவதே மேல். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் கூழாங்கல் உரசுவதுபோல் கரகரவென்று கேட்க வேண்டும். அதற்குமேல் விட்டுவைத்தால் புளிப்பு வாடை ஏறிவிடும், வறுத்தாலும் போகாது. உடனே மூன்று நான்கு தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

காய வைப்பதில் கவனம்

காப்பி கெடுவது பெரும்பாலும் களத்தில்தான். அறுவடைத் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை இம்மலையில் இன்னும் ஓய்ந்திருக்காது. ஈரத்தோடு குவித்த கொட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் நஞ்சை வறுப்பதால் முழுவதும் அழிக்க முடியாது. வெறும் மண் தரையில் பரப்புவது பழைய வழக்கமானாலும் கைவிட வேண்டியதே. மூங்கில் சட்டத்தில் வலை கட்டிய தட்டுகளில் காய வைத்தால், மழை தூறியதும் இருவர் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். மணிக்கு ஒரு முறை கிளறி, மாலையில் மூடி வைத்தால் நல்ல வெயிலில் 7 முதல் 10 நாளில் காயும். உரம், பூச்சி மருந்து, மிளகு மூட்டைகளுக்கு அருகில் வைக்கலாகாது. காப்பி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

காய்ந்த பார்ச்மென்ட்டை உரலில் இட்டு மெல்லக் குத்தி முறத்தில் புடைக்க வேண்டும். கருத்தது, உடைந்தது, துளையுள்ளது எல்லாவற்றையும் விருந்தினரையே பொறுக்கச் சொல்லலாம். மண் சட்டியிலோ இரும்பு வாணலியிலோ அரை கிலோ பருப்பைப் போட்டு, சீரான தணலில் கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்டபின் நிறத்தைப் பார்த்து இறக்கி, அகலத் தட்டில் கொட்டி விசிறி ஆற வைக்க வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகும். வறுத்த கொட்டை ஒரு நாள் ஆறினால் சுவை கூடும். ஆதலால் அன்றைய காப்பிக்கு முந்தின நாள் வறுத்ததை அரைத்து, அன்று வறுத்ததை விருந்தினர் கையில் கொடுத்தனுப்பலாம்.

பித்தளை வடிகட்டியில் பொடியை லேசாக அழுத்தி, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, டிகாக்ஷன் தானாக இறங்கக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். முதல் கோப்பையைச் சிக்கரி கலக்காமல் கொடுப்பதே நியாயம். தம் கையால் பொறுக்கிய கொட்டை எப்படியிருக்கும் என்று அறியத்தானே வந்திருக்கிறார்கள்!

வரவு செலவு

ஒரு கிலோ பருப்புக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் குறையும். ஆக ஒரு கிலோ பொடிக்கு 7 கிலோவுக்கு மேல் பழம் செல்கிறது. அந்தப் பழத்தின் அன்றைய விலை, விறகு, அரைவைக் கூலி ஆகியவற்றுடன் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி எழுதியபிறகே கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூலியை விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பொடியைப் பொட்டலமிட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

கழுவிய நீரை ஓடையில் விடக்கூடாது. குழியில் தேக்கி, பழத்தோலைச் சாணத்துடன் கலந்து மக்க வைத்தால் அடுத்த பருவத்தில் அதே செடிகளுக்கு எருவாகும்.