நீசம் என்றதும் ஜாதக நோட்டை மூடாதீர்கள்

"குரு நீசமாமே, பிள்ளைக்குப் படிப்பு வருமா?" என்று கேட்டு முகம் வாடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரோ கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்ன ஒற்றைச் சொல் அது. ராசியை வைத்துக் கிரகத்தின் தரம் பார்க்கும் முறையை, 2021 பிப்ரவரி கடைசி வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் குருவைக் கொண்டே பார்ப்போம். திருக்கணிதப்படி குரு அப்போது மகரத்தில் ஏறக்குறைய 22 பாகையில், திருவோணம் நான்காம் பாதத்தில் நின்றார்.

முதலில் கிரக ஸ்புடம் எழுதிய பக்கத்தை எடுங்கள். பாகை வேண்டும், குறைந்தது நட்சத்திர பாதமாவது வேண்டும். கணித்தது வாக்கியமா, திருக்கணிதமா என்பதையும் பாருங்கள். ராசி எல்லையில் நிற்கும் கிரகம் இரண்டு பஞ்சாங்கத்திலும் வேறு வேறு வீட்டில் விழலாம்.

அடுத்து உச்சமும் நீசமும். பரம உச்ச பாகைகள் இவை: சூரியன் மேஷம் 10, சந்திரன் ரிஷபம் 3, செவ்வாய் மகரம் 28, புதன் கன்னி 15, குரு கடகம் 5, சுக்கிரன் மீனம் 27, சனி துலாம் 20. இவற்றுக்கு ஏழாம் ராசியில் அதே பாகை பரம நீசம். சூரியனுக்கு நம் மாதங்களே கணக்கு: சித்திரை முழுக்க உச்சம், 10ஆம் தேதி வாக்கில் பரம உச்சம், ஐப்பசி முழுக்க நீசம், ஆவணியில் சொந்த வீடு. உச்ச பலக் கணக்கில் பரம உச்சத்துக்கு 60, பரம நீசத்துக்கு 0. மூன்று பாகைக்கு ஒன்று வீதம் கூடும், குறையும். நம் குரு மகரம் 5 பாகையைத் தாண்டி 17 பாகை வந்துவிட்டார். அதனால் ஐந்தரைக்குச் சற்று மேல் கிடைக்கிறது. பெரிய பலம் இல்லைதான், ஆனால் ஏறுமுகம்.

பிறகு ஆட்சியும் மூலத்திரிகோணமும். இங்கே புதனிடம் கவனம் வேண்டும். கன்னியில் 15 பாகை வரை உச்சம், 16 முதல் 20 வரை மூலத்திரிகோணம், அதற்கு மேல் ஆட்சி. சந்திரனுக்கு ரிஷபத்தில் முதல் 3 பாகை உச்சம், மீதி மூலத்திரிகோணம்.

இந்த மூன்றிலும் சேராத கிரகத்துக்கு நட்பு, சமம், பகை பார்க்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் கிரக நட்பு இருபக்கமும் ஒன்றாக இருக்காது. சந்திரனுக்குப் புதன் நட்பு; புதனுக்கோ சந்திரன் பகை. ஆகவே மிதுனத்துச் சந்திரன் நட்பு வீட்டில் இருக்கிறார், கடகத்துப் புதன் பகை வீட்டில் இருக்கிறார். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிரகத்தின் மூலத்திரிகோண ராசியிலிருந்து 2, 4, 5, 8, 9, 12 ஆகிய இடங்களின் அதிபதிகளையும், உச்ச வீட்டின் அதிபதியையும் எழுதுங்கள். இரண்டு முறை வந்தவர் நட்பு, ஒருமுறை வந்தவர் சமம், வராதவர் பகை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒரே வீடு என்பதால் ஒருமுறை வந்தாலே நட்புதான். ரிஷபத்திலிருந்து எண்ணினால் மிதுனம் இரண்டு, கன்னி ஐந்து; புதன் இருமுறை வருகிறார். கன்னியிலிருந்து எண்ணினால் கடகம் பதினொன்று, பட்டியலிலேயே இல்லை. ஒருமுறை கையால் எண்ணிப் பார்த்தவருக்கு இது மறக்காது. ராகு, கேதுவுக்கு உச்ச வீடு எது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. அவர்களை வீடு கொடுத்தவரை வைத்தே பாருங்கள்.

வீடு கொடுத்தவரைப் பார்ப்பது எல்லாக் கிரகத்துக்கும் அவசியம். நம் குருவுக்கு வீடு கொடுத்தவர் சனி. அவர் அதே மகரத்தில் ஆட்சியாக, குருவோடு சேர்ந்தே நிற்கிறார். நீசபங்கம் என்று பெரியவர்கள் சொன்னது இப்படிப்பட்ட நிலையைத்தான்.

கடைசியாக நவாம்சம். ராசியை 3 பாகை 20 கலையாக ஒன்பது கூறு செய்ய வேண்டும். மகரம் சர ராசி, எண்ணிக்கை மகரத்திலேயே தொடங்கும். 22 பாகை ஏழாவது கூறு. மகரத்துக்கு ஏழு கடகம். ராசியில் நீசமான குரு அம்சத்தில் உச்சம்! இதே கணக்கில், கடகத்தில் 22 பாகையில் உச்சமாக நிற்கும் குரு அம்சத்தில் மகரத்துக்குப் போய் நீசமாகிவிடுவார். அந்த ஜாதகத்தை வாங்கிப் பார்த்து யாரும் கலங்குவதில்லை.

நோட்டில் இப்படி எழுதுங்கள்: "குரு: ராசியில் நீசம், பரம நீசம் கடந்தவர், ஆட்சி பெற்ற சனியோடு, அம்சத்தில் உச்சம்." அதன்பின் லக்னத்திலிருந்து அவர் எந்தெந்த வீட்டுக்கு அதிபதி என்று எண்ணத் தொடங்கலாம்.