எழுத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள்

செங்கல்பட்டில் சைன்போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். பிறகு டிடிபி, அதற்குப் பிறகு வெப்சைட். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன.

1. கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஒருமுறை சாளுவன்குப்பம் போய் வாருங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. பல்லவ மன்னனின் சுலோகங்களை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி வெட்டெழுத்தில் டார்ச்சை நேராக அடித்தால் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கல்லில் எழுத்தைக் காட்டுவது நிழல். திரையில் பள்ளமும் இல்லை, நிழலும் இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வித்தியாசம் மட்டும்தான் உண்டு. செயற்கையாக நிழல் போட்டால் ஓரம் கலங்கும், போடாதீர்கள். டபிள்யூ3சி-யின் அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு இந்த வித்தியாசம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பலர் ஆசையாக வைக்கும் #999 என்ற சாம்பல் நிறம், வெள்ளையின் மேல் 3:1-ஐக்கூட எட்டாது. கடற்கரை விடுதி ஒன்றுக்கு நானும் அந்தச் சாம்பலில்தான் போன் நம்பர் போட்டேன். ஏசி அறையில் அழகாக இருந்தது. மணலில் நின்று பார்த்த முதலாளி, "நம்பர் எங்கேப்பா?" என்றார்.

2. ஆங்கிலத்துக்கு வைத்த அளவைத் தமிழுக்கு அப்படியே வைக்காதீர்கள். ண, ஞ, ழு எல்லாம் சுழி நிறைந்த எழுத்துகள். அங்கே 16 பிக்சல் என்றால் இங்கே 18 வையுங்கள். வரி உயரம் 1.7 இருக்கட்டும். குறைத்தால் மேல்வரியின் கீழ்விலங்கும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும்.

3. தலைப்பு எழுத்துகளை இழுத்துப் பரப்பினால் சொல் உதிரும். நெருக்கினால் துணைக்கால் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டும். எழுத்துருவைச் செய்தவர் விட்ட இடைவெளியில் கை வைக்க வேண்டாம்.

4. மங்கலுக்குப் பெரிய காரணம் போலி போல்டு. பவனம், மீரா இனிமை போன்ற எழுத்துருக்களுக்கு ஒரே தடிமன்தான். அதில் நீங்கள் போல்டு கேட்டால், இல்லாததை பிரவுசர் தானே பூசித் தரும். ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பெயின்ட் அதிகம் தோய்த்த பிரஷ்ஷில் எழுதினால் வருமே, அதே அசிங்கம். முக்தா மலரில் 7 தடிமன், நோட்டோ சான்ஸ் தமிழில் 9. அவற்றிலிருந்து உண்மையான போல்டு கோப்பை இணையுங்கள். ஆனால் தேவையான இரண்டை மட்டும். எல்லாவற்றையும் ஏற்றினால் பக்கம் நொண்டும்.

5. தமிழைப் படமாக்கிப் போடாதீர்கள். ஆளுக்கொரு குறியீடு இருந்த 1990களில் அதற்கு நியாயம் இருந்தது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னுமா படம்? பெரிதாக்கினால் கலங்கும், தேடினால் கிடைக்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

6. இருபுறமும் சமன் செய்யும் ஆசையை விடுங்கள். 'மாமல்லபுரத்திலிருந்து' என்று ஒரு சொல் வந்தாலே போன் திரையில் பாதி வரி போய்விடும். மிச்சத்தில் பொக்கை விழும். இடப்பக்கம் ஒட்டி ஓடட்டும்.

7. வேலை முடிந்ததும் பகல் 2 மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காக நிற்கும் பெரியவர் ஒருவரிடம் உங்கள் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய பழைய போனிலேயே திறந்து காட்டினால் இன்னும் நல்லது. கையால் திரைக்கு நிழல் கட்டினாலோ, கண்ணைச் சுருக்கினாலோ அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். வீட்டுக்கு வந்து மாற்றுங்கள்.