கரையிலேயே முடிவெடு

அன்பு மகளுக்கு,

ஜூலையில் நண்பர்களோடு கேரளத்தின் கோடஞ்சேரிக்குப் போய் சாலிப்புழாவில் கயாக் ஓட்டப்போவதாக எழுதியிருந்தாய். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்த ரிஷிகேஷில் பழகிய ரோல் இப்போது இரண்டு பக்கமும் தடுமாறாமல் வருகிறது என்றும் சொல்லியிருந்தாய். படித்து மகிழ்ந்தேன். போய் வா. ஆனால் ஆறு ஏறியிருக்கும்போது எப்போது இறங்கக் கூடாது, இறங்கிய பிறகு எப்போது கரையேறிவிட வேண்டும் என்பதையும் துடுப்புப் போடக் கற்ற அதே அக்கறையோடு நீ கற்றுக்கொள்ள வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ரிஷிகேஷில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கை பெருகியதும் ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே அந்த முடிவை உனக்காக வேறொருவர் எடுத்துவிடுகிறார். மலபாரில் கதை வேறு. சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் கயாக் ஓடும் அளவுக்கு நிறைவதே தென்மேற்குப் பருவமழையில்தான். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் விழா அந்த மாதங்களில் நடப்பதும் அதனால்தான். மழைதான் அங்கே பருவம். ஆகவே இன்றைய நீர் உனக்கு ஏற்றதா என்ற கேள்விக்குத் தினமும் நீங்களே பதில் கண்டாக வேண்டும்.

ஆறு ஏறினால் அலை பெரிதாகும், அதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அலையைவிடப் பெரிய ஆபத்து, நிற்கும் இடங்கள் மறைந்துபோவது. பாறைக்குப் பின்னால் நீர் வேகம் தணிந்து ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பும் இடத்தை எடி என்கிறோம். நீ மூச்சு வாங்குவதும், அடுத்த இறக்கத்தை நோட்டம் பார்ப்பதும், கவிழ்ந்த நண்பனைக் கரை சேர்ப்பதும் அங்கேதான். நீர் ஏறினால் அந்தப் பாறை மூழ்கிவிடும். எடி இருந்த இடத்தில் நீர் பாறைக்கு மேலாகப் பாய்ந்து, கீழே பின்னோக்கிச் சுருட்டும் ஹோல் உண்டாகும். நேற்று நீ ஓய்வெடுத்த இடமே இன்று கயாக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய இடைவெளியில் நிறுத்தங்கள் கிடைக்காததால், முன்பு தனித்தனியாக இருந்த மூன்று இறக்கங்கள் ஒரே நீண்ட இறக்கமாக ஓடும். கவிழ்ந்து நீந்த நேர்ந்தால் அத்தனையையும் நீந்தியே கடக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நீர் உன் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று மரம். கரையில் நின்ற மரங்கள் இப்போது ஓட்டத்துக்குள் நிற்கும். கிளைகளுக்கு இடையே நீர் போய்விடும். நீ போக முடியாது. தேநீர் வடிகட்டியில் இலை தங்குவது போல நீ அங்கே தங்கிவிடுவாய். அதனால்தான் அதற்கு ஸ்ட்ரெய்னர் என்று பெயர். மற்றொன்று தடுப்பணை. வற்றிய நாளில் பிள்ளைகள் நடந்து கடக்கும் சிறு சுவர், வெள்ளத்தில் மேலிருந்து பார்த்தால் ஒரு வழுவழுப்பான கோடாக மட்டும் தெரியும். அதன் அடியில் நீர் கரைக்குக் கரை ஒரே சீராகத் திரும்பிச் சுருட்டுவதால், சிக்கியவர் பக்கவாட்டில் வெளியேற வழியிருக்காது. நம் ஊரில் குளிக்கப் போனவர்களைப் பலி கொண்ட தடுப்பணைகள் எத்தனை! தடுப்பணை எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளாமல் எந்த ஆற்றிலும் இறங்காதே.

சாலிப்புழா மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான சரிவிலிருந்து இறங்குகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் கொட்டிய மழை வந்து சேர்ந்துவிடும். எனவே கரைக்குப் போனதும் ஒரு குச்சியை நீரின் விளிம்பில் ஊன்று. கயாக்கை இறக்கி, ஸ்ப்ரே டெக்கைச் சரிபார்த்து, ஹெல்மெட் மாட்டிய பிறகு அந்தக் குச்சியைப் பார். நீர் அதைச் சூழ்ந்து மேலேறியிருந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறும் ஆற்றில் இறங்காதே. தெளிந்த நீர் செந்நிறமாகிறதா, சருகும் சுள்ளியும் புதிதாக மிதந்து வருகின்றனவா என்று பார். தரையில் காலூன்றி நிற்கும்போது அடியிலிருந்து 'தொம்' என்று மந்தமான அதிர்வு எழுந்தால், ஆற்றுப்படுகையில் பாறைகள் உருள்கின்றன என்று பொருள். அந்த ஓசை கேட்டால் விவாதமே வேண்டாம். கயாக்கைத் தூக்கி வண்டியில் கட்டிவிடு.

திறமை இருந்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அதனால் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். திபெத்தில் யார்லுங் சாங்போ, 7,782 மீட்டர் உயர நம்சா பர்வாவைச் சுற்றிக்கொண்டு ஒரு மாபெரும் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதே ஆறுதான் அருணாசலத்தில் சியாங் ஆகி, அசாமில் பிரம்மபுத்திரா ஆகிறது. 1998 அக்டோபரில் ஓர் அமெரிக்கக் குழு அங்கே போனது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கனூ ஸ்லாலமில் வெண்கலம் வென்ற ஜேமி மெக்கீவன் அதில் இருந்தார். அமெரிக்க ஸ்லாலம் அணியில் போட்டியிட்ட டக் கோர்டனும் இருந்தார். கடுமையான பருவமழைக்குப் பிறகு ஆறு அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக உயரத்தில் ஓடியது. நடு ஓட்டத்தைத் தவிர்த்து, ஓரமாகவே இறங்கலாம், முடியாத இடங்களில் கயாக்கைச் சுமந்து நடக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அக்டோபர் 16 அன்று கோர்டன் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய அருவியில் இறங்கினார். கயாக் கவிழ்ந்தது. ஓட்டம் அவரை நடு ஆற்றுக்கு இழுத்துச் சென்றது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் தேடிப் பார்த்துவிட்டு பயணத்தை அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

2002-ல் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் வேறொரு குழு அதே பள்ளத்தாக்குக்குப் போனது. நீர் வற்றியிருக்கும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மேல் பள்ளத்தாக்கின் வழியே இறங்கினார்கள். அப்பால் ஆறு அருவிகளாக விழும் பகுதி வந்ததும் கயாக்குகளை முதுகில் சுமந்துகொண்டு பனி மூடிய கணவாய் ஏறிக் கடந்தார்கள். உலகின் தலைசிறந்த கயாக்காரர்கள் நடந்துதான் போனார்கள். அதனால் யாரும் அவர்களைக் குறைத்து மதிக்கவில்லை.

கோர்டன் கவிழ்ந்தது எந்தத் தேர்ந்தவருக்கும் நேரக்கூடியது. ஆறு தாழ்ந்திருந்தால் ஒரு ரோலோடு, அல்லது சிறு நீச்சலோடு அது முடிந்திருக்கும். வெள்ளத்தில் தவறுகள் கூடுவதில்லை. தவறுக்கான விலைதான் கூடுகிறது. அதனால் கரையில் நின்று இறக்கத்தைப் பார்க்கும்போது 'இதை என்னால் ஓட்ட முடியுமா?' என்ற கேள்வி போதாது. 'நான் கயாக்கை விட்டு வெளியே வந்துவிட்டால் எங்கே போய்ச் சேர்வேன்?' என்று கேள். கீழே அமைதியான குட்டை இருக்கிறதா, மரமா, அடுத்த இறக்கமா? எறிகயிற்றோடு நண்பர் ஒருவர் நிற்க அங்கே இடம் உண்டா? பதில் பிடிக்கவில்லை என்றால் நடந்து கடந்துவிடு. சாலிப்புழாவின் கரையில் ரப்பரும் பாக்கும் நிற்கும் தோட்டங்கள் உண்டு. நடக்க வழி கேட்டால் காட்டுவார்கள்.

உன்னையும் கவனி. முதல் எடியையே தவறவிட்டால், வழக்கமாக வரும் ரோல் மூன்றாவது முயற்சியில்தான் வந்தால், துடுப்பை இறுகப் பிடித்துக் கை மரத்திருந்தால், எப்போதும் பேசுகிற நண்பன் மௌனமாகிவிட்டால், அதுவும் ஆறு காட்டும் அடையாளம்தான். பலர் அடுத்த இறக்கத்தில் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். சோர்ந்த உடலுக்கு அடுத்த இறக்கம் முந்தியதைவிடக் கடினமானது. நீந்தும்படி ஆகிவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி நீரின் மேற்பரப்பில் வைத்துக்கொள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதே. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீர் உன்னைக் கவிழ்த்து அமிழ்த்திவிடும். முன்னால் மரம் வந்து தப்ப வழியில்லை என்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னாக வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிடு.

வெள்ளத்தைவிட நம்மை அதிகம் தள்ளுவது நாமே செய்துவைத்த ஏற்பாடுகள். விடுப்பு எடுத்தாயிற்று, வண்டியைக் கீழ்க்கடவில் நிறுத்தியாயிற்று, கேமராவும் தயார். இத்தனைக்கும் பிறகு 'வேண்டாம்' என்ற சொல் தொண்டையில் நின்றுவிடும். சொல்ல வேண்டியவர் அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருப்பார். எல்லோரும் அப்படியே காத்திருந்து எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இதற்கு மருந்து முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம். நீர் எந்தப் பாறையை மூடினால் இறங்குவதில்லை என்று உள்ளூர்க் கயாக்காரர்களிடம் கேட்டு முந்தின இரவே குறித்துவிடுங்கள். யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கக் கூடாது. பாதியில் ஒருவர் கரையேறினால் தனியாக விடாமல் இன்னொருவர் கூடப் போக வேண்டும். சாலை ஆற்றை ஒட்டி வரும் இடங்களை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உன்னால் நிறுத்த முடிகிற வரைதான் ஓட்டுவது நீ. அதற்குப் பிறகு ஓட்டுவது ஆறு. நிறுத்துவது கரையில் எளிது, எடியில் கடினம், நடு ஓட்டத்தில் இயலாது. எனவே எளிதாக இருக்கும்போதே அதைச் செய்துவிடு. கோடஞ்சேரி போய்ச் சேர்ந்த அன்று மாலையே நண்பர்களை உட்காரவைத்து இந்த ஒப்பந்தத்தைப் பேசிவிடு. மறுநாள் யாராவது 'இன்று வேண்டாம்' என்றால், முதலில் அவர் பக்கம் போய் நிற்பவள் நீயாக இரு.

அன்புடன்,
உன் சித்தப்பா